துப்பிய நீரில் கண்ட சிவப்பு

 

இன்று ஒளுச் செய்தபோது வாய் கொப்பளித்துத் துப்பினீர்களே, அந்தத் தண்ணீரை உற்று நோக்கினீர்களா? நாளொன்றுக்கு ஐந்து முறை வாயைக் கழுவும் பேறு பெற்ற சமுதாயம் நாம். வாயின் நலிவை வேறெவரையும் விட நாமே முதலில் அறிந்திருக்க வேண்டும். ஆனால் நான் அறியவில்லை. அறிந்தும் அறியாதவள்போல் இருந்தேன் என்பதே உண்மை. அதனால் நான் இழந்தது என்ன, அல்லாஹ்வின் கருணையால் ஓரளவு மீண்டது என்ன என்பதை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வீட்டு முற்றத்தில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அஸருக்குப் பின் தொடங்கினால் மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை பிள்ளைகளின் குரல் ஓயாது. வயது ஐம்பதை எட்டிய நாட்களில், ஒளுச் செய்யும்போது துப்பும் நீரில் மெல்லிய சிவப்பு தென்படத் தொடங்கியது. உடனே எனக்கு எழுந்த கவலை என்ன தெரியுமா? ஒளு முறிந்ததா, இல்லையா என்பதுதான்!

என் அண்ணன் மூலமாகப் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டனுப்பினேன். நாங்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். "எச்சிலை விட இரத்தம் மிகைத்துச் செந்நிறமாக இருந்தால் ஒளு முறியும். எச்சில் மிகைத்து மஞ்சளாக இருந்தால் முறியாது. ஷாஃபியீ மத்ஹபில் இதனால் ஒளு முறிவதே இல்லை" என்று விளக்கம் சொன்ன ஹஜரத், இறுதியில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தார்: "சட்டத்தை என்னிடம் கேட்டது சரி. ஆனால் அந்த இரத்தம் ஏன் வருகிறது என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்."

முற்பகுதியை மனத்தில் பதித்துக்கொண்டேன். பிற்பகுதியை நான்கு ஆண்டுகள் மறந்துபோனேன்.

அத்தாவின் மௌனம்

எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தா. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிரம்பு தரையைத் தட்டும். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றும் வாயில் எங்கே பிறக்கிறது என்பதைத் தம் பல்லையும் நாவையும் காட்டியே விளக்குவார். ஸா, தால், ளா ஆகிய மூன்றும் நாவின் நுனி மேல் முன்பற்களின் முனையைத் தொடும்போது பிறப்பவை. 'ஃபா' என்பதோ அதே மேற்பற்களின் முனை கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போது பிறப்பது. முன்பல் இல்லாதவர் வாயில் இவை தம் இடத்தை இழந்து தடுமாறும்.

ஐம்பத்தைந்து வயதுக்குள் அத்தாவின் முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. வலி இல்லை, சொத்தை இல்லை. பழுத்த பழம் காம்பிலிருந்து கழல்வதுபோல் கழன்றன. ஒருநாள் மதரஸாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "வயதாகிவிட்டது" என்று மட்டும் சொன்னார். பிற்காலத்தில் பல்செட் கட்டிக்கொண்டார். ஆனால் பிள்ளைகளுக்கு முன் வாய் திறந்து ஓதவே இல்லை. முதுமை என்றால் பல் விழத்தான் வேண்டும் என்று எங்கள் குடும்பமே நம்பியது. அந்த நம்பிக்கை எத்தனை பெரிய பிழை!

ஒரு சிறுமி ஓதியபோது

2022-ஆம் ஆண்டின் தொடக்கம். எட்டு வயதுப் பெண் ஒருத்தி என் முன் அமர்ந்து பாடம் ஒப்பித்தாள். அழகிய குரல். ஆனால் 'ஃபா' வரும் இடமெல்லாம் உதட்டை ஒருபுறமாக மடித்து, காற்றை ஓரத்தில் விட்டு ஓதினாள். திருத்தினேன். மீண்டும் அப்படியே ஓதினாள். சற்றுக் கடிந்து, "யாரம்மா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"நீங்கள்தானே உஸ்தாபி இப்படி ஓதுவீர்கள்!" என்றாள் அந்தக் குழந்தை.

உடல் சில்லிட்டது. அன்றிரவு கண்ணாடி முன் நின்று ஓதிப் பார்த்தேன். மேல் முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் சற்றே நீண்டு, முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. தொட்டால் அசைந்தது. அது உதட்டில் படாமல் இருக்க, என்னையறியாமலேயே உதட்டை மடித்து ஓதப் பழகியிருந்தேன். என் பிள்ளைகள் என் நோயைப் பாடமாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்! அத்தா ஏன் வாய்மூடிப் போனார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வாரமே என் கணவர் என்னை மதுரைக்கு ஓர் ஈறு நோய் நிபுணரிடம் அழைத்துச் சென்றார்.

எலும்பு கரைந்த கதை

பல்லில் உள்ள சொத்தையைத்தான் மருத்துவர் தேடுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியொன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் பார்த்தார். உதவியாளர் எண்களைக் குறித்துக்கொண்டார். நலமான ஈறில் அந்த ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும். என் முன்பல்லின் ஓரிடத்தில் 8 மி.மீ. இறங்கியது!

பிறகு எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி உங்களுக்குச் சொல்கிறேன்.

பல் எலும்புக்குள் ஆணி அடித்ததுபோல் இறுக்கமாகப் பொருத்தப்பட்டதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய நார்கள் ஊஞ்சற் கயிறுகள்போல் பல்லைத் தாங்கி நிற்கின்றன. ஈறு ஓரத்தில் நாள்தோறும் படியும் வழுவழுப்பான கிருமிப் படலத்தை நாம் அகற்றாவிட்டால், அது எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்றுக் காரையாக இறுகிவிடும். கிருமிகளை எதிர்க்க உடல் தொடுக்கும் போரில் ஈறு வீங்கி இரத்தம் கசியும். அந்த நிலையில் சுத்தம் செய்துகொண்டால் ஈறு முழுமையாக ஆறிவிடும். அலட்சியம் செய்தால் போர் நீண்டு, கிருமியோடு சேர்த்து நார்களும் எலும்பும் அழியும். ஆம்! நம் எலும்பைப் பெரும்பாலும் கரைப்பது நம் உடலே நடத்தும் அந்த ஓயாத போர்தான்.

கரைந்த எலும்பு தானாக மீளாது. எல்லாவற்றினும் கொடியது, இவை பெரும்பாலும் வலியின்றியே நடந்து முடிந்துவிடும்.

"அம்மா, சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் மருத்துவர். இல்லை என்றேன். பரிசோதித்ததில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 9.4 என்று வந்தது. சர்க்கரை நோய் ஈறு நோயை முற்றச் செய்கிறது. முற்றிய ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் ஆக்குகிறது. 1993-ஆம் ஆண்டிலேயே ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர், ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். பல்லைக் காட்டப் போன இடத்தில் என் உடல் முழுவதையும் பற்றிய செய்தி கிடைத்தது.

முதலில் தூய்மை

"டாக்டர், ஏதோ இரத்தத்தைக் கொண்டு எலும்பை வளர்க்கிறார்களாமே, அதை உடனே செய்துவிடுங்கள்" என்றேன். எங்கோ கேள்விப்பட்ட அரைகுறைச் செய்தி. அவர் சிரித்தார். "அழுக்கு நிறைந்த கிணற்றில் நல்ல தண்ணீரை ஊற்றி என்ன பயன் அம்மா? முதலில் தூர்வார வேண்டும்" என்றார்.

பல நாட்கள், பகுதி பகுதியாக, வேரின் மேல் படிந்திருந்த காரையை ஈறுக்கு அடியிலும் சென்று சுரண்டி எடுத்தார்கள். அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது என் நினைவுக்கு வந்தவர் ஸ்பெயின் தந்த மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. குர்துபா நகரையடுத்த ஸஹ்ராவில் 936-ஆம் ஆண்டு பிறந்த அந்த மருத்துவர், 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கினார். பற்காரையே ஈறைக் கெடுக்கிறது என்றும், அதை முழுவதும் சுரண்டி அகற்ற வேண்டும் என்றும் எழுதி, அதற்கென 14 சுரண்டு கருவிகளின் உருவங்களையும் வரைந்து காட்டினார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் எழுதி வைத்ததை அறியாமல், "பல்லைச் சுரண்டினால் பல் ஆடும்" என்று நாம் இன்றும் அஞ்சிக்கொண்டிருக்கிறோம்!

மிஸ்வாக்கின் மேன்மையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த சுன்னத்தை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் ஈறு ஓரத்திற்கு அதைக் கொண்டுபோனேனா? இல்லை. பல்லின் இடுக்குகளைச் சிறு தூரிகையால் துலக்க ஐம்பது வயதுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மாத்திரை, நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றால் ஏழெட்டு மாதங்களில் சர்க்கரை 7.1-க்கு இறங்கியது. ஈறில் இரத்தம் கசிவது நின்றது. பெரும்பாலான பற்கள் இறுகின. ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்ற வழியில்லாமல் எடுத்துவிட்டார்கள். முன்பல்லிலோ ஆழம் 8-லிருந்து 7 மி.மீ.க்கு மட்டுமே குறைந்திருந்தது. அங்குதான் இரத்தத்தின் உதவி தேவைப்பட்டது.

கோப்பையும் மேடும்

எல்லா எலும்பு இழப்பையும் மீட்க முடியாது. இதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். எலும்பு சுற்றிலும் ஒரே மட்டமாகத் தேய்ந்து இறங்கியிருந்தால், அதை மீண்டும் உயர்த்துவது மிகமிக அரிது. மாறாக, வேரை ஒட்டிச் செங்குத்தாகக் குழி விழுந்து, அக்குழியைச் சுற்றி எலும்புச் சுவர்கள் நின்றிருந்தால் மீட்சிக்கு வாய்ப்பு உண்டு. கோப்பையில் ஊற்றிய நீர் தங்கும். மேட்டில் ஊற்றியது ஓடிவிடும். என் முன்பல்லில் மூன்று பக்கமும் சுவர் எஞ்சிய குழி. கடைவாயில் வெறும் மேடு. ஒரே வாயில் இரண்டு விதி!

சுத்தம் செய்த குழி தானே ஏன் எலும்பால் நிரம்புவதில்லை? 1976-ஆம் ஆண்டு மெல்ச்சர் என்ற அறிஞர் அதற்கான காரணத்தை எடுத்துரைத்தார். புண் ஆறும்போது எந்த உயிரணு முதலில் வேரை வந்தடைகிறதோ, அதுவே அங்கு என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஈறின் மேல்தோல் அணுக்கள் விரைந்து ஓடிவந்து குழியை மூடிவிடும். எலும்பையும் நாரையும் உண்டாக்கும் அணுக்களோ மெதுவாக வருபவை. ஆகவே முந்தி வருவதைத் தடுத்து, பிந்தி வருவதற்கு இடமும் காலமும் தர வேண்டும். இந்த வழியில் மெல்லிய திரையொன்றை வைத்து மனிதப் பல்லொன்றில் முதன்முதலாக வெற்றி கண்டதை 1982-இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்டனர்.

இரத்தம் இங்கே என்ன செய்கிறது? விரலில் கத்தி பட்டால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரத்தம் உறைகிறது. டெங்குக் காய்ச்சலின்போது "தட்டணு குறைந்துவிட்டது" என்று கேள்விப்படுகிறோமே, அந்தத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கின்றன. அவை காயத்தில் கூடி, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை வெளியிடுகின்றன. அதே வேளையில் ஃபைப்ரின் என்னும் நார் வலைபோல் பின்னிச் சாரம் கட்டுகிறது. வீடு கட்டச் சாரமும் வேண்டும், கொத்தனாரைக் கூப்பிடும் குரலும் வேண்டும் அல்லவா? வல்ல நாயன் இரண்டையும் ஒரு துளி இரத்தத்திலேயே வைத்திருக்கிறான்! அந்தத் தட்டணுக்களையும் ஃபைப்ரினையும் திரட்டி, தேவையான இடத்தில் வைப்பதே இந்த மருத்துவம்.

1998-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், தட்டணு செறிந்த இரத்த நீரைத் தாடை எலும்பு ஒட்டுகளில் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர். அம்முறையில் இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்தும், பிறகு உறைவதற்கு மாட்டிலிருந்து எடுத்த த்ராம்பினும் சேர்க்க வேண்டியிருந்தது. 2001-இல் பிரான்ஸ் நாட்டின் ஜோசப் ஷுக்ரூன் அதை எளிமையாக்கினார். எதையும் சேர்க்க வேண்டாம். எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றினால் போதும். அதற்குத்தான் பி.ஆர்.எஃப். என்று பெயர்.

ஹஜரத் சொன்ன விளக்கம்

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன் நான் தயங்கினேன். தயக்கம் ஊசிக்கன்று. எலும்புக் குழியில் வைக்கும் பொருட்கள் எவை எவையென்று கேட்டேன். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மாட்டெலும்பிலிருந்து செய்த துகள்கள் உண்டு. இறந்த மனிதர் கொடையாகத் தந்த எலும்பு உண்டு. செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் துகள்கள் உண்டு. குழியை மூடும் கொலாஜன் திரைகளுள் சில பன்றியின் திசுவிலிருந்து எடுக்கப்படுபவை. எலும்பை வளர்க்கப் பயன்படும் எனாமல் புரதக் களிம்பும் பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுக்கப்படுவதே.

சகோதரிகளே! நான் கேட்டிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. கேட்டதற்காக மருத்துவர் முகம் சுளிக்கவுமில்லை. "நல்ல வேளை கேட்டீர்கள். உங்களுக்கு உங்கள் இரத்தத்தை மட்டுமே கொண்டு செய்ய முயல்வோம்" என்றார்.

ஆனால் இரத்தமும் விலக்கப்பட்டதாயிற்றே? ஊர் திரும்பியதும் இம்முறை நானே ஹஜரத்திடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் தந்த விளக்கம் தெளிவாக இருந்தது. திருமறையின் அல்பகரா அத்தியாயம் 173-ஆம் வசனம் இரத்தத்தையும் பன்றி இறைச்சியையும் உணவாகக் கொள்வதைத் தடுக்கிறது. நிர்ப்பந்தத்திற்கு ஆளானோருக்கு அங்கேயே சலுகையும் தருகிறது. மேலும், ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 பிப்ரவரியில் நடத்திய நான்காம் அமர்வில், ஒருவர் உடலின் பகுதியை அவர் உடலிலேயே வேறோர் இடத்திற்கு மாற்றுவது, தீங்கை விட நன்மை மிகுதியாக எதிர்பார்க்கப்படுமானால் கூடும் என்று தீர்மானித்தது. தோல், எலும்பு ஆகியவற்றோடு இரத்தமும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

"மருந்தாக வைப்பது வேறு, விழுங்குவது வேறு அம்மா. வாயில் ஊறுவதைத் துப்பிவிடுங்கள். மனம் அமைதியடையுங்கள்" என்றவர், சற்று நிறுத்தி, "அன்றே மருத்துவரிடம் போகச் சொன்னேனே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பன்றியிலிருந்து பெறும் பொருளைப் பற்றி ஆலிம்களிடையே விரிவான விளக்கங்கள் உள்ளன. உங்களுக்கு அந்நிலை வந்தால் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "இது எதிலிருந்து எடுத்தது, மாற்று உண்டா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

கடல்பாசி போன்றதொரு கட்டி

2022 அக்டோபரில் ஒருநாள் காலை அறுவை நடந்தது. பல்லைச் சுற்றி மரத்துப்போக ஊசியிட்டார்கள். கை நரம்பிலிருந்து இரண்டு குழாய்களில், ஒவ்வொன்றிலும் 10 மி.லி. இரத்தம் எடுத்து, ஒரு நொடியும் தாமதிக்காமல் மேசையிலிருந்த சுழற்றும் இயந்திரத்தில் எதிரெதிராக வைத்தார்கள். நிமிடத்திற்கு 2,700 சுற்று வீதம் 12 நிமிடங்கள். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாததால், தாமதித்தால் இரத்தம் அப்படியே உறைந்து பயனற்றதாகிவிடுமாம்.

இயந்திரம் நின்றதும் குழாயை எனக்குக் காட்டினார்கள். அடியில் கருஞ்சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள் நீர், நடுவே வைக்கோல் நிறத்தில் ஒரு கட்டி. நோன்பு காலத்தில் நாம் காய்ச்சி ஆற வைக்கும் கடல்பாசியை இடுக்கியால் எடுத்ததுபோல் அது வழுக்கிக்கொண்டு வந்தது! அதைத் தட்டையான சிறு பெட்டியில் வைத்து மெல்ல அழுத்தினார்கள். மெல்லிய திரை கிடைத்தது.

ஈறை விலக்கி, குழிக்குள் எஞ்சியிருந்த அழுகிய சதையை எடுத்து, வேரை வழவழப்பாக்கினார் மருத்துவர். ஒரு கட்டியைச் சிறு துண்டுகளாக்கிக் குழியில் இட்டு நிரப்பி, மற்றொன்றால் ஆன திரையை மேலே போர்த்தி, ஈறை இறக்கித் தையலிட்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரம். உதடு மரத்திருந்ததால் ஓத முடியவில்லை. மனத்துக்குள் திக்ரு செய்துகொண்டிருந்தேன்.

வீட்டில் பத்து நாட்கள் கஞ்சியும் ரசம் சாதமுமே உணவு. அந்த இடத்தில் பல் துலக்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் நீரால் மெல்ல வாயை நனைக்க வேண்டும். வேகமாகக் கொப்பளித்தால் கட்டி கலைந்துவிடும் என்பதால், ஒளுவின்போது நீரை வாயில் வைத்து மெதுவாக வழியவிட்டேன். அந்நாட்களில் என் பிள்ளைகளுக்கு நான் ஓதவில்லை. அவர்கள் ஓத, நான் விரலால் எழுத்தைச் சுட்டிக் காட்டினேன்.

மீண்டது எவ்வளவு?

எலும்பு அவசரப்படாது. ஒன்பது மாதங்கள் கழித்து, 2023 ஜூலையில், புதிய எக்ஸ்ரேயைப் பழையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முன்பு கறுத்துக் கிடந்த குழியில் சுமார் பாதியளவு வெண்மை படர்ந்திருந்தது. கம்பியின் ஆழம் 7-லிருந்து 4 மி.மீ.க்குக் குறைந்திருந்தது. பல் அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!

பாதிதான், முழுவதும் அன்று. இதை மறைத்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். உலகெங்கும் செய்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, 2018-இல் இம்முறை பற்றிய 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குழியைச் சுத்தம் செய்து மூடும் அறுவையோடு இரத்தக் கட்டியும் சேர்ந்தால் ஆழம் குறைவதிலும் எலும்பு நிரம்புவதிலும் நன்மை கூடக்கூடும் என்று கண்டது. ஆனால் அந்தச் சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றும், திரை வைக்கும் முறையோடோ எனாமல் புரதத்தோடோ இதைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் தெரியவில்லை என்றும் கூறியது. ஐரோப்பிய ஈறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையாகச் சுத்தம் செய்த பிறகும் ஆழ்ந்த பையும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புக் குழியும் எஞ்சியிருந்தால் எலும்பு மீட்பு அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆகவே, "உங்கள் இரத்தத்தால் எல்லாப் பற்களுக்கும் புது எலும்பு" என்று எவரேனும் விளம்பரம் செய்தால், எக்ஸ்ரேயைக் காட்டி, "என் குழிக்கு எத்தனை சுவர்?" என்று கேளுங்கள்!

புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் பலன் குன்றும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. அறுவை முடிந்ததும் கதை முடிவதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நான் இன்றும் மதுரைக்குச் சென்று சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். நாள்தோறும் என் கை செய்யும் வேலையே அந்தப் பாதி எலும்பைக் காத்து நிற்கிறது.

சகோதரிகளே, சகோதரர்களே! என்னிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அறுவையின் வியப்பை அன்று. நான் வீணாக்கிய நான்கு ஆண்டுகளின் பாடத்தையே. முதல் சிவப்பு தெரிந்தபோதே சென்றிருந்தால் ஒரு சுத்தத்தோடு முடிந்திருக்கும். கடைவாய்ப் பல் போயிருக்காது. சர்க்கரை இத்தனை முற்றியிருக்காது. நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுத் தம் வலியைத் தள்ளிப்போடுபவர்கள். வலியே இல்லாத நோயை எவ்வளவு தள்ளிப்போடுவோம்! உங்கள் அத்தாவை, அம்மாவை, மாமியாரை ஒருமுறை கேளுங்கள்: "துப்பும்போது இரத்தம் வருகிறதா?" வருகிறதென்றால் ஒளுவின் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள், நோயின் காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது 'ஃபா' திருத்தமாக வருகிறது. அவள் ஓதி முடித்ததும், நான் ஓத, என் வாயையே உற்றுப் பார்த்திருப்பாள். அத்தா தம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாமற்போன அந்த எழுத்தின் இடத்தை, அல்லாஹ்வின் அருளால் இன்னும் என்னால் காட்ட முடிகிறது.

நமக்குத் தந்த உறுப்புகள் யாவும் அமானிதம் என்பதை உணர்ந்து பேணும் நல்லறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.